அந்த இரண்டு கட்டங்களில் பூஜ்யம்

பைக் இன்சூரன்ஸ் பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். வண்டியின் மதிப்பு ‘ஐடிவி’ என்று அச்சாகியிருக்கும் வரிசையில் இரண்டு சின்னக் கட்டங்கள் தென்படும். ஒன்று எலெக்ட்ரிக்கல் ஆக்சசரீஸுக்கு, மற்றது நான்-எலெக்ட்ரிக்கல் ஆக்சசரீஸுக்கு. பலரது பாலிசியில் இரண்டிலும் பூஜ்யம்தான். அதே பைக்கை வாசலில் போய்ப் பார்த்தால் ஃபாக் லைட், கிராஷ் கார்டு, பக்கவாட்டில் அலுமினியப் பெட்டி, கம்பெனி கொடுக்காத சைலன்ஸர் என்று ஏதாவது ஏறியிருக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்துப் பார்த்து வாங்கியவை. காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்றிருப்பது காகிதத்தில் உள்ள வண்டிக்கு. சாலையில் ஓடுவதோ வேறொன்று. விபத்தோ திருட்டோ நடக்கும்வரை இந்த வித்தியாசம் யார் கண்ணையும் உறுத்தாது. நடந்தபின் நஷ்டம் முழுதும் உரிமையாளர் தலையில்தான் விழும். அதனால், மாட்டியதை எழுத்தில் சொல்லிவிடுவதே லாபம்.

கணக்கைப் பார்ப்போம். ஐடிவி என்பது தயாரிப்பாளர் அறிவித்த விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்த தொகை. முதல் 6 மாதத்தில் 5%, ஓராண்டு தாண்டினால் 20%, நான்காண்டு தாண்டினால் 50% என்று கழிப்பார்கள். வெளியே வாங்கிப் பொருத்திய எதுவும் அந்த விலைக்குள் வராது. ஆகவே பைக்கே களவு போனாலும், அதில் இருந்த 20,000 ரூபாய் விளக்குகளுக்குச் சல்லிக்காசு கிடைக்காது. சொல்லிச் சேர்த்தால்? மின்சாதனங்களுக்கு மோட்டார் கட்டண விதி வகுத்த விகிதம் மதிப்பில் 4%. ஆண்டுக்கு 800 ரூபாய். 18% ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 944. மின்சாரம் சாராதவற்றின் மதிப்பு வண்டியின் மதிப்போடு கூடி, அதற்குரிய விகிதத்திலேயே பிரீமியம் வரும். சேர்த்துவிட்டதாலேயே எல்லாம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். வண்டியை விட்டுவிட்டு விளக்கை மட்டும் கழற்றிக்கொண்டு போனால், வழக்கமான டூவீலர் பாலிசியில் அதற்கு இழப்பீடு கிடையாது. தனியாகப் பிரீமியம் கட்டி அதைச் சேர்க்க வேண்டும்.

கூடுதலாக மாட்டுவது வேறு, வண்டியையே மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பில் செய்யும் மாற்றமே இங்கே குற்றம். கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. ஃபாக் லைட்டைப் பாலிசியில் எழுதிக்கொள்ளலாம். சேஸிஸை வெட்டி ஒட்டியதை எந்தக் கூடுதல் பிரீமியமும் சட்டப்படி சரியாக்காது. ஆர்டிஓ அனுமதி இல்லாமல் அது நிற்காது. அதிரும் சைலன்ஸருக்கும் ஏறக்குறைய இதே கதிதான். பறிமுதல் செய்தவற்றை ரோடு ரோலர் ஏற்றி நசுக்குவதைப் பல நகரங்களில் பார்த்துவிட்டோம்.

‘சொன்னால் மறுத்துவிடுவார்களே, வாயை மூடிக்கொண்டிருப்பதுதானே புத்திசாலித்தனம்?’ என்று கேட்கலாம். மறுக்கக்கூடும். ஆனால் சொன்னால் மறுக்கப்படும் வண்டிக்குச் சொல்லாமல் பிரீமியம் கட்டுகிறவர், இல்லாத பாதுகாப்பை விலைக்கு வாங்குகிறார். அதை இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லதா, விபத்தில் நொறுங்கிய வண்டிக்கு முன்னால் சர்வேயர் நிற்கும்போது தெரிந்துகொள்வது நல்லதா? கிளெய்முக்கு முன் கழற்றிவிட்டு எதுவுமே மாற்றவில்லை என்று எழுதிக் கொடுத்தாலோ, சின்னப் பாகத்துக்காக மொத்த கிளெய்மும் ஆபத்தில் விழும். காப்பீடு முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். பொய் அதன் அஸ்திவாரத்தையே பெயர்த்துவிடும்.

இன்னொரு எதிர்வாதத்துக்கு வலு அதிகம். விபத்துக்கும் மாட்டிய பொருளுக்கும் சம்பந்தமே இல்லாதபோதும், அதைச் சாக்காக வைத்து நிறுவனங்கள் கையை விரிக்கின்றன என்பது வண்டிக்காரர்களின் குறை. அதில் நியாயம் உண்டு, நீதிமன்றங்களும் அதைக் கவனித்திருக்கின்றன. நிபந்தனையை மீறி வாடகைக்கு ஓடியதாகச் சொல்லப்பட்ட ஒரு வண்டியின் வழக்கில், 2010-இல் உச்ச நீதிமன்றம் கிளெய்மை முற்றாகத் தள்ளுவது சரியல்ல என்றது. இப்படி மீறல் உள்ள கிளெய்ம்களில் 75% வரை கொடுத்து முடிக்கும் நடைமுறையையும் அது ஏற்றது. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் அலைந்து, கால் பங்கையும் விட்டுக்கொடுத்துப் பெறும் நியாயம். எழுதிக் கொடுத்தவருக்கு அந்த அலைச்சலுக்கான முதல் காரணமே இல்லாமல் போகிறது.

தேர்ட் பார்ட்டி இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் அந்தக் காப்பீடு நீங்கள் இடித்தவருக்கானது. உங்கள் பைக்குக்கு அதில் ஒரு ரூபாயும் கிடையாது. பாலிசி மீறல் உறுதியானால், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பின்பு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாவதும் உண்டு. செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. ரசீதுகளை எடுத்து வைத்து, வண்டியை நான்கு பக்கமும் படம் பிடித்து, பொருளும் விலையும் எழுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பாலிசி நடுவில் இருந்தாலும் எண்டார்ஸ்மென்ட் போட்டுத் தருவார்கள். ஏஜென்ட் ‘பார்த்துக்கலாம் சார்’ என்று வாயால் சொல்வதை நம்பி விட்டுவிடாமல், புதுத் தாள் வந்ததும் முதல் பக்கத்தின் அந்த இரண்டு கட்டங்களில் பூஜ்யம் போய்த் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.