பின்னே பார்த்தே உட்காரட்டும்

ஒஸ்லோவின் குறொன்லாண்டில் மரக்கறிக் கடைகளுக்கு முன்னால் நிற்கும் கார்களுக்குள் எட்டிப் பார்த்தால், மூன்று வயதுப் பிள்ளைகூடப் பின்கண்ணாடியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும். ஊரிலிருந்து வரும் அம்மம்மாக்களுக்கு இது பிடிப்பதில்லை. "பிள்ளைக்குக் கால் மடங்கிக் கிடக்குது, முன்னுக்குத் திருப்பி விடு தம்பி" என்பார்கள்.

திருப்பக் கூடாது. சம்மணம் கட்டிக்கொள்வது பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை. கவலைப்பட வேண்டியது கழுத்தைப் பற்றி.

பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான்; வளர்ந்தவருக்கு எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தலையைச் சுமக்கும் கழுத்தெலும்புகளில் இன்னும் குருத்தெலும்பு மிச்சமிருக்கும், தசைநார்களும் இளக்கம். முன்னோக்கி அமர்ந்த பிள்ளையை, கார் மோதும்போது பட்டி தோளில் பிடித்து நிறுத்திவிடுகிறது. தலையைப் பிடிக்க எதுவுமில்லை; அது பாய, கழுத்து இழுபடுகிறது. பின்னோக்கி அமர்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையே ஒருசேரத் தாங்கிக்கொள்ளும்.

ஜெமினி விண்கல வீரர்கள் மல்லாந்து கிடந்து விசையை முதுகால் வாங்கியதைக் கவனித்தவர் சுவீடனின் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன். அவர் வடிவமைத்த பின்னோக்கு இருக்கை 1964-இல் வொல்வோ காரில் சோதிக்கப்பட்டது.

ஐரோப்பாவின் ஆர்129 விதி 15 மாதம்வரைதான் பின்னோக்கி அமர்த்தக் கட்டாயப்படுத்துகிறது. அது குறைந்தபட்சம் மட்டுமே. நோர்வேயின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான 'த்ரிக் த்ரஃபிக்' குறைந்தது நான்கு வயதுவரை என்கிறது. நான் அதன் பக்கம். வாங்கும்போது சுவீடனின் 'பிளஸ் டெஸ்ட்' முத்திரையைத் தேடுங்கள்: கழுத்தில் விழும் விசையை அளக்கும் அந்தச் சோதனையில் முன்னோக்கு இருக்கை எதுவும் தேறியதில்லை. கடைக்குப் பிள்ளையையும் காரையும் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். முன்னிருக்கையில் பின்னோக்கி வைப்பதென்றால் அந்தப் பக்கக் காற்றுப்பையை அணைத்தே ஆகவேண்டும்.

மடியில் வைத்துக்கொள்ளலாமா? 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தை ஏறக்குறைய 140 கிலோவாக இழுக்கும். எந்தத் தாயின் கையும் தாங்காது. நோர்வேச் சட்டப்படி 135 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கை வேண்டும்.

நம் குடும்பங்களில் தொட்டில், சட்டையெல்லாம் கைமாறும், இருக்கையும் மாறுகிறது. விபத்தைக் கண்ட இருக்கையை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், வாங்காதீர்கள். பனிக்காலத்தில் தடித்த மேலங்கியோடு பட்டி கட்டினால், மோதும்போது பஞ்சு அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். அங்கியைக் கழற்றிப் பட்டியை இறுக்கிவிட்டு, மேலே போர்வையால் மூடுங்கள்.