ஈரம் எங்கே இருக்கலாம்?

சமையலறையில் ஒரு பொருள் கெட்டுப்போனால் நம் சந்தேகம் முதலில் வெக்கையின் மேல்தான் விழுகிறது. வருஷத்தில் பாதி நாள் வெயில் கொளுத்தும் ஊர்களில் அது இயல்பு. அதனால்தான் கடையிலிருந்து வந்த பை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் போகிறது. கொத்துமல்லி, கேரட், மிளகாய்த்தூள், ரவை எல்லாவற்றுக்கும் ஒரே அடைக்கலம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கொத்துமல்லி கறுத்துக் குழைந்திருக்கிறது, கேரட் வதங்கி வளைகிறது, மிளகாய்த்தூள் கட்டிதட்டிக் கிடக்கிறது. மூன்றும் ஒரே குளிரில் இருந்தவைதான். குளிர் போதாமல் அவை கெடவில்லை. கொத்துமல்லி இலையின் மேல் ஈரம் நின்றது. கேரட்டுக்குள் இருந்த ஈரம் வெளியேறியது. தூளுக்குள் ஈரம் நுழைந்தது. வீட்டில் பொருளைப் பாதுகாக்கும் வேலையில் பெரும்பகுதி தண்ணீரை அதனதன் இடத்தில் வைக்கும் வேலைதான். குளிர் அதற்குத் துணை மட்டுமே.

ஒரு பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, நுண்ணுயிர்களின் கைக்கு எட்டும்படி எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம். உணவு அறிவியலில் இதை அளக்க 0 முதல் 1 வரை ஓர் அளவுகோல் உண்டு. சுத்தமான தண்ணீர் 1. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.9-க்கு மேல் வேண்டும். பூசணம் அதைவிடக் குறைந்த ஈரத்திலும் பிழைக்கும். 0.6-க்குக் கீழே போனால் எந்த நுண்ணுயிரும் வளராது. உப்பும் சர்க்கரையும் இந்த அளவைக் கீழே இழுக்கின்றன. தண்ணீர் பொருளுக்குள்ளேயே இருந்தாலும் அதைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆவக்காய் ஜாடி குளிர் இல்லாமலே வருஷம் தாண்டி நிற்பதற்கு உப்பும் புளிப்பும்தான் காரணம். அதே ஜாடியில் ஈரக் கரண்டி பட்ட இடத்தில் பூசணம் பூப்பதும் இதே கணக்குத்தான். கரண்டியோடு போன நாலு சொட்டு, மேற்பரப்பில் அந்த ஓரிடத்தில் மட்டும் உப்பை நீர்க்கச் செய்கிறது. பூசணத்துக்கு அந்த இடம் போதும். ஊறுகாயில் ஈரக் கரண்டி படக் கூடாது என்று பாட்டிகள் வைத்த கட்டுப்பாடு வெறும் ஆசாரம் என்று எண்ணியவர்கள் இந்த ஒன்றை மறுபடி யோசித்துப் பார்க்க வேண்டும்.

உலர்ந்த பொருள்களுக்கு உலர்ச்சிதான் உயிர். அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1960-இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லலாம். சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்து, அதில் நஞ்சு ஊறியிருந்தது பிறகு தெரியவந்தது. அஃப்ளாடாக்சின் என்று பெயர் பெற்ற அந்த நஞ்சு ஈரம் பட்ட நிலக்கடலை, கொப்பரை, காய்ந்த மிளகாய், சோளம் ஆகியவற்றில் உருவாகக்கூடியது. வீட்டு அடுப்பின் சூட்டுக்கு அது முழுதும் அழிவதில்லை. ஆகவே பூசணம் கண்ட கடலையைக் கழுவி, காயவைத்து, வறுத்து உபயோகிப்பது சிக்கனம் ஆகாது, கொட்டிவிட வேண்டும். பருப்பு, ரவைக்கு வண்டும் புழுவும் வேறு தொல்லை. பல சமயம் முட்டை கடையிலிருந்தே கூட வந்துவிடுகிறது. நல்ல வெயிலில் காயவைத்து, ஆறியபின் இறுக்கமான டப்பாவில் போடுவது இரண்டு தொல்லைகளுக்கும் பொதுவான வழி. மாடி இல்லாத வீட்டில் ரவையைச் சில நாள் ஃப்ரீசரில் வைத்தும் முட்டைகளைக் கொல்லலாம். ஆனால் வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த ரவையின் மேல் அறைக் காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். மிளகாய்த்தூள் ஃப்ரிட்ஜில் கட்டிதட்டுவதும் இப்படித்தான்.

கீரையும் காயும் நேர்மாறானவை. பறித்த பிறகும் அவை உயிரோடு இருக்கின்றன, சுவாசிக்கின்றன. இழக்கும் தண்ணீரை ஈடுகட்ட வேர் இல்லை. அவற்றுக்கு உள்ளே ஈரம் தங்க வேண்டும், மேலே ஈரம் நிற்கக் கூடாது. கொத்துமல்லியை வாங்கியதும் கழுவி, சொட்டச் சொட்டப் பாலிதீன் பையில் கட்டுகிறவர்கள் இரண்டையும் தலைகீழாக்குகிறார்கள். கழுவாமல், அழுகிய இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் வைத்தால் துணி மேல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், டப்பா உள் ஈரத்தைக் காக்கும். கறிவேப்பிலைக்கும் இதே வழிதான். பழுத்த வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் கீரைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு இலைகளைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். தக்காளி ஈரக் கணக்குக்குள் அடங்காதது, அதற்குக் குளிரே பகை. 5 டிகிரியில் ஒரு வாரம் இருந்த பழுத்த தக்காளியில் மணம் தரும் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் மந்தமாகிவிடுகின்றன என்று 2016-இல் வெளியான ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

இப்படியெல்லாம் சொன்னால் ஃப்ரிட்ஜை இறக்கிப் பேசுவதாகத் தோன்றலாம். பால், மீன், இறைச்சி, சமைத்த உணவு ஆகியவற்றில் தண்ணீரை எடுக்கவும் முடியாது, கட்டிப்போடவும் முடியாது. அங்கே குளிர் ஒன்றே காவல். 5 டிகிரிக்கு மேல் போகாத பெட்டி அந்த வீட்டின் உடல்நலத்துக்கே காவல். வடித்த சோற்றில்கூட, கொதியில் சாகாத பாக்டீரிய வித்துகள் மிஞ்சி, சூடு ஆறியதும் முளைக்கக்கூடும். பழைய காலத்து முறை எல்லாமே பாதுகாப்பானது என்றும் நான் வாதாடவில்லை. எண்ணெயில் மூழ்கினால் எதுவும் கெடாது என்ற நம்பிக்கை அதற்கு உதாரணம். 1985-இல் கனடாவின் வான்கூவரில், குளிரில் வைக்காத எண்ணெய்ப் பூண்டைத் தின்ற 36 பேரைப் போட்டுலிசம் என்ற உணவு நஞ்சு நோய் தாக்கியது. எண்ணெய் காற்றைத்தான் தடுத்தது. பூண்டுக்குள் இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது, காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிக்கு அது வசதியாகப் போயிற்று. புளியும் உப்பும் தாராளமாகச் சேர்ந்த பூண்டு ஊறுகாயில் புளிப்பு அந்தக் கிருமியைத் தடுத்து நிறுத்துகிறது. பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு மேடையில் வைப்பது வேறு சங்கதி.

வேலைக்கும் போய்ச் சமைக்கவும் செய்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பது நியாயம். இதில் பாதிக்கு நேரமே தேவையில்லை. வாங்கிய தூளை இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கை இறுக மூடி வெளிச்சம் படாமல் வைத்து, ஒரு வாரத்துக்கானதை மட்டும் சின்னப் பாட்டிலில் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பாட்டிலையும் கொதிக்கும் குழம்பின் மேல் கவிழ்த்துத் தட்டாமல், உலர்ந்த ஸ்பூனால் எடுத்துப் போடலாம். கவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் குழம்பின் ஆவி பாட்டிலுக்குள் ஏறுகிறது. நாமும் அதை உடனே மூடி அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறோம்.