வெளிறிய மட்கார்டுக்குப் பெயின்ட் அடிக்கும் முன்...

இன்ஜின் நன்றாக ஓடுகிறது, டயரும் தேயவில்லை. ஆனால் மட்கார்டு வெளிறி, தடவினால் கையில் சுண்ணாம்புபோல் ஒட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்ற டிராக்டர், பவர் டில்லர், தோட்டத்து ஜீப், மொபெட் எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். புதிய மட்கார்டு வாங்காமலே பலவற்றைச் சரிசெய்துவிடலாம். எதைச் சரிசெய்யலாம், எதைக் கழற்றி எறிய வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் வெளிறுகிறது?

வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிதைக்கின்றன. சிதைந்த மெல்லிய படலமே வெள்ளைப் பொடியாகத் தெரிகிறது. கறுப்பு பிளாஸ்டிக்கில் கலந்துள்ள கார்பன் தூள் கதிர்களைத் தடுப்பதால் அது நீண்ட நாள் தாங்கும். சிவப்பு, மஞ்சள் நிறங்கள் விரைவில் மங்கும்.

முதல் சோதனை

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்புத் தகடு. அதற்கு டிங்கரிங் பட்டறை வேலைதான். ஒட்டாவிட்டால் உட்புறத்தைக் கவனியுங்கள். 'பிபி', 'பிஇ', 'ஏபிஎஸ்' என்ற ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். எழுத்து அழிந்திருந்தால், ஓரத்திலிருந்து சிறு துண்டு சீவித் தண்ணீரில் போடுங்கள். பெரும்பாலும் மிதந்தால் பிபி அல்லது பிஇ; மூழ்கினால் ஏபிஎஸ் போன்ற வேறு வகை. உடைந்த ஓரத்தில் நூல் நூலாகத் தெரிந்தால் அது கண்ணாடி இழை சேர்ந்த ஃபைபர்.

அடுத்து, ஓரத்தை விரலால் மெல்ல வளையுங்கள். வளைந்து பழைய நிலைக்குத் திரும்பினால் உள்ளே வலு இருக்கிறது. வலை போன்ற நுண்விரிசல் விட்டாலோ, துண்டாக முறிந்தாலோ மாற்றுவதே நல்லது. பெயின்ட் நிறத்தைத்தான் தரும்; போன வலுவைத் தராது.

விரிசல் இருந்தால்

விரிசலை முதலில் அடைக்க வேண்டும். அது முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை போடுங்கள், மேற்கொண்டு ஓடாது. பிபி, பிஇ வகைகளில் எபாக்ஸி பசை நிற்காது, சில நாளில் உரிந்துவிடும். அதே வகை பிளாஸ்டிக் துண்டைச் சால்டரிங் கம்பியால் உருக்கி நிரப்ப வேண்டும். உட்புறத்தில் மெல்லிய கம்பி வலையை வைத்து உருக்கி அழுத்தினால் கூடுதல் பிடிப்பு கிடைக்கும். போல்ட் துளை கிழிந்திருந்தால் அகலமான வாஷர் போட்டு முடுக்குங்கள். உருகும்போது வரும் புகை ஆகாது. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

தேய்ப்பதும் பூசுவதும்

1. மட்கார்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். உரம், பூச்சிமருந்து படிந்திருக்கும் என்பதால் கையுறை அவசியம்.

2. 320 எண் உப்புத்தாளில் தொடங்கி, 400, 600 என்று தண்ணீர் விட்டுத் தேயுங்கள். வெள்ளைப் படலம் முழுவதும் போக வேண்டும். ஃபைபராக இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது; அதன் தூசி தோலில் அரிக்கும், மூச்சுக்கும் கேடு.

3. நன்றாகக் காயவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ஏபிஎஸ்ஸைத் தின்னரால் துடைத்தால் மேற்பரப்பு கரைந்துவிடும்.

4. பிபி, பிஇ வகைகளில் பெயின்ட் நேரடியாக ஒட்டாது. உள்ளூரில் அடித்த பெயின்ட் தோல் தோலாக உரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அந்த வகைகளுக்கென விற்கும் பிளாஸ்டிக் பிரைமரை மெல்லியதாக அடித்து, டப்பாவில் குறிப்பிட்ட நேரத்துக்குள் பெயின்ட் அடிக்க வேண்டும்.

5. ஒரே தடவையில் கனமாக அடிக்காமல், 10 முதல் 15 நிமிட இடைவெளியில் இரண்டு, மூன்று மெல்லிய பூச்சு கொடுங்கள். ஒருநாள் நிழலில் காயவிட்டு மாட்டலாம். ஹார்டனர் கலக்கும் பெயின்ட் நுரையீரலைப் பாதிக்கும். துண்டு கட்டிக்கொள்வது அதற்குப் போதாது. அந்த வேலையைத் தகுந்த முகக்கவசம் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஹீட் கன் போதுமா?

பெயின்ட் இல்லாத கறுப்பு பிபி, பிஇ பாகங்களில் ஹீட் கன் காட்டினால் நிறம் உடனே திரும்பும். பெயின்ட் செலவு கிடையாது. ஆனால் இது தற்காலிகம்தான். வெயிலில் நின்றால் மறுபடி வெளிறும். பிஇ சுமார் 130 டிகிரியிலும், பிபி சுமார் 160 டிகிரி செல்சியஸிலும் உருகும். ஹீட் கன் காற்றோ அதைவிடப் பல மடங்கு சூடு. ஒரே இடத்தில் நிறுத்தினால் மட்கார்டு நெளிந்துவிடும். கையை நகர்த்திக்கொண்டே இருங்கள். வண்டியில் மாட்டியிருக்கும்போது, டேங்க் அருகில், இதைச் செய்யவே கூடாது.

பழைய ஆயிலோ டீசலோ தடவிப் பளபளப்பாக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அது சில நாளில் புழுதியைச் சேர்ப்பதோடு, பின்னால் அடிக்கும் பெயின்ட்டையும் ஒட்டவிடாது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

மட்கார்டு அழகுக்காக வைத்ததல்ல. சுழலும் சக்கரத்துக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அது. பெயின்ட் நிறத்தைப் புதுப்பிப்பதோடு விரிசலையும் மறைத்துவிடும். புதிதாகத் தெரிகிறதே என்று அதன்மேல் ஆளை உட்காரவைத்து ஓட்டினால், முறிந்த நொடியில் அவர் பின்சக்கரத்துக்கு அடியில் இருப்பார். எந்த டிராக்டரிலும் மட்கார்டு இருக்கை அல்ல; அது இரும்பானாலும் சரி, பிளாஸ்டிக்கானாலும் சரி.

பழைய வண்டி வாங்கப் போகும்போதும் மேல் பளபளப்பைப் பார்க்காதீர்கள். குனிந்து உட்புறத்தையும் போல்ட் துளைகளைச் சுற்றியும் பாருங்கள். வண்டியின் வயது அங்கே தெரிந்துவிடும்.

புதுப்பித்த பிறகு வண்டியை நிழலில் நிறுத்துங்கள். கொட்டகை இல்லையென்றால் தார்ப்பாய் போட்டு மூடலாம். மருந்தடித்த அன்றே கழுவிவிடுங்கள். செய்த வேலை நீண்ட நாள் நிலைக்கும்.