டிஸ்க் ஃபுல்: அழித்த பிறகும் இடம் வராதது ஏன்?

லினக்ஸ் கணினியில் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் தட்டுகிறீர்கள். திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடியும் அதே லாகின் பக்கத்தைக் காட்டுகிறது. மறுபடி தட்டினாலும் அதே கதைதான். கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள், கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். இதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்பதைத்தான். நீங்கள் உள்ளே நுழையும்போது டெஸ்க்டாப் உங்கள் ஹோம் ஃபோல்டரில் சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் உங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும், காரணமும் சொல்லாது.

டிஸ்க் நிரம்பினால் இப்படித்தான், வேறு ஏதோ கோளாறு மாதிரி தலைகாட்டும். அப்டேட் பாதியில் நிற்கும். டேட்டாபேஸ் தானாக நின்றுபோகும். இணையதளம் திறக்கும், ஆனால் யாராலும் லாகின் செய்ய முடியாது. எல்லாவற்றையும்விட மோசமானது, சேமித்த கோப்பு பூஜ்யம் பைட்டாகிவிடுவது. சில நிரல்கள் பழைய உள்ளடக்கத்தை முதலில் துடைத்துவிட்டுப் புதியதை எழுதத் தொடங்கும். துடைக்க இடம் தேவையில்லை, எழுதத்தான் தேவை. அதனால் பழையதும் போய்ப் புதியதும் வராமல் நிற்கும். வேலையின் நடுவில் டிஸ்க் நிரம்பியது தெரிந்தால் அந்த நிரலை மூடாமல், கோப்பைப் பென் டிரைவில் சேமித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

கடைசியில் எங்காவது ஒரு மூலையில் அந்த வாசகம் கிடைக்கும்: ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. லினக்ஸ் கர்னலின் பிழைப் பட்டியலில் இது 28ஆம் எண். இதைப் பார்த்ததும் கண்ணில் பட்ட பெரிய கோப்பையெல்லாம் அழிக்க இறங்குவதுதான் பலரும் செய்வது. அதில்தான் எனக்கு மனத்தாங்கல். இந்த ஒரே வாசகத்துக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நிலைமைகள் இருக்கின்றன. தீர்ந்துபோனது எது என்று தெரியாமல் அழித்தால் கோப்பு போய்விடும்; இடம் மட்டும் வராது.

இனி கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்துகளில், நான் வேறு சொன்னாலொழியச் சின்ன எழுத்துகளாகவே, தட்டுங்கள். டெஸ்க்டாப்புக்குள் நுழையவே முடியாதவர்கள் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அங்கே லாகின் செய்யலாம்.

முதல் கட்டளை ‘டிஎஃப் -ஹெச்’. ஒவ்வொரு பார்ட்டிஷனும் எவ்வளவு பெரியது, எவ்வளவு போயிருக்கிறது, எவ்வளவு மிச்சம், எத்தனை சதவீதம் என்று வரிவரியாகக் காட்டும். வரிக் கடைசியில் ஒற்றைச் சாய்கோடு மட்டும் இருப்பதுதான் முதன்மைப் பார்ட்டிஷன். பூட், ஹோம் போன்றவற்றைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தால் அவற்றுக்கும் தனி வரி உண்டு. உபுண்டுவில் ‘லூப்’ என்ற பெயரோடு சில வரிகள் 100% என்று காட்டிக்கொண்டிருக்கும். பதற வேண்டாம். அவை ஸ்னாப் முறையில் நிறுவிய மென்பொருள்கள். படிக்க மட்டுமே ஆனவை, எப்போதும் 100% தான்.

நிரம்பிய பார்ட்டிஷன் எது என்று தெரிந்த பிறகு, அதற்குள் இடத்தைத் தின்பது எது என்று பார்க்க ‘டியு’ கட்டளை. அதோடு ‘-எக்ஸ்’ சேர்த்தால் அந்த ஒரு பார்ட்டிஷனுக்குள்ளேயே நிற்கும். வெளியே செருகியிருக்கும் டிஸ்க்குகளுக்குள் போகாது. ‘என்சிடியு’ என்ற சின்ன நிரலை நிறுவிக்கொண்டால் இன்னும் சுலபம். பெரியது மேலே, சின்னது கீழே என்று வரிசைப்படுத்திக் கொடுக்கும்; அம்புக்குறி விசையால் உள்ளே போய்ப் போய்ப் பார்க்கலாம். சாதாரணமாக மாட்டுகிறவை இவைதான்: குப்பைத் தொட்டிக்குப் போனதோடு மறந்துபோன வீடியோக்கள், ‘ஏபிடி’ இறக்கிவைத்த நிறுவல் பொதிகள், டாக்கர் இமேஜ்கள், சிஸ்டம் ஜர்னல். ஜர்னல் இயல்பாகவே பார்ட்டிஷனில் 10% வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். நிறுவல் பொதிகளைத் துடைக்க ‘ஏபிடி கிளீன்’ போதும். பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருந்தால் பழைய கர்னல்கள் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். அந்தக் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள், ‘ஏபிடி ஆட்டோரிமூவ்’ பார்த்துக்கொள்ளும்.

பாதிப் பேருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பேருக்குத்தான் வேடிக்கை.

டிஎஃப் கேட்டால் 100 ஜிபியும் போய்விட்டது என்கிறது. டியு கூட்டிப் பார்த்தால் 40 ஜிபிதான் வருகிறது. மிச்சம் 60 எங்கே? இரண்டு கட்டளைகளும் பொய் சொல்லவில்லை. டிஎஃப் பார்ட்டிஷனின் மொத்தக் கணக்கை நேரடியாகக் கேட்டு வாங்குகிறது. டியு ஒவ்வொரு ஃபோல்டராக நடந்து, பெயர் தெரிகிற கோப்புகளை மட்டும் கூட்டுகிறது. அப்படியானால் அந்த 60 ஜிபி, பெயர் இல்லாத கோப்பாக எங்கோ இருக்க வேண்டும்.

பெயரில்லாத கோப்பு இருக்க முடியுமா? யூனிக்ஸ் குடும்பத்தில் முடியும். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்ச்சியும் தொடங்கிய அந்த அமைப்பில், கோப்பு வேறு, கோப்பின் பெயர் வேறு. கோப்பின் அளவு, உரிமையாளர், டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்ற விவரமெல்லாம் ஐநோடு என்ற பதிவில் இருக்கும். அதற்கு ஒரு எண் உண்டு, பெயர் கிடையாது. ஃபோல்டர் என்பது ‘இந்தப் பெயருக்கு இந்த எண்’ என்று எழுதிவைத்த பட்டியல் மட்டுமே. ‘ஆர்எம்’ கட்டளை செய்வது அந்தப் பட்டியலில் ஒரு வரியை அடிப்பது. கோப்பு உண்மையில் விடுபட இரண்டு நிபந்தனைகள்: அதற்கு ஒரு பெயரும் மிச்சமிருக்கக் கூடாது, அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் ஒன்றும் இருக்கக் கூடாது.

இப்போது 60 ஜிபிக்கு வருவோம். வெப் சர்வரின் லாக் கோப்பு பூதாகாரமாக வளர்ந்திருக்கிறது. யாரோ அதைப் பார்த்து அழித்திருக்கிறார்கள். பெயர் போய்விட்டது. சர்வர் மட்டும் அதைத் திறந்தே வைத்திருக்கிறது, இந்த நிமிடமும் அதில் எழுதிக்கொண்டே இருக்கிறது. அழித்தவருக்கோ ஒரு பைட்கூடத் திரும்பவில்லை.

கண்டுபிடிக்க: ‘சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1’. அந்தக் கடைசி ‘எல்’ மட்டும் பெரிய எழுத்து. பெயர் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே போன, ஆனால் இன்னும் திறந்திருக்கும் கோப்புகளை மட்டும் இது பட்டியலிடும். வரியின் தொடக்கத்தில் நிரலின் பெயர், அடுத்து அதன் ப்ராசஸ் எண், நடுவில் ‘5டபிள்யூ’ மாதிரி ஒன்று (எழுதுவதற்காகத் திறந்த, 5 என்ற எண் கொண்ட கோப்பு என்று பொருள்), பிறகு அளவு, கடைசியில் பழைய பெயரும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘டிலீட்டட்’ என்ற சொல்லும். அளவு இருக்கும் இடத்தில் பதினோரு இலக்க எண் ஒன்று நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

அந்தச் சேவையை ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்’ போட்டு மறுபடி தொடக்கினால் கோப்பு மூடப்படும், இடம் அந்த நொடியே திரும்பும். நிறுத்தவே முடியாத சர்வர் என்றாலும் வழி உண்டு. ‘ப்ராக்’ என்ற ஃபோல்டருக்குள் ப்ராசஸ் எண், அதற்குள் ‘எஃப்டி’, அதற்குள் 5 என்று போனால், பெயர் போன அந்தக் கோப்பு அங்கே கைக்கு எட்டும். ‘ட்ரன்கேட் -எஸ் 0’ என்று எழுதி அந்தப் பாதையைக் கொடுத்தால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பு காலியாகும். லாக் கோப்பை அழிக்காதே, காலி செய் என்று சிஸ்டம் அட்மின்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். அதை ஒழுங்காக, நாள்தோறும் செய்ய ‘லாக்ரொட்டேட்’ இருக்கிறது.

இது ஏதோ ஓட்டை என்று நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே அதன் கோப்புகளை அப்டேட் மாற்ற முடிவது இதனால்தான்: பெயர் புதிய கோப்பைக் காட்டும், பழைய நிரல் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டு ஓடும். தற்காலிகக் கோப்பு தேவைப்படும் நிரல்கள் அதைத் திறந்த கையோடு பெயரை அழித்துவிடுவதும் உண்டு. நிரல் நடுவில் செத்தாலும் குப்பை மிஞ்சாது.

அடுத்த புதிர் இதற்கு நேர் எதிர். டிஎஃப் 40% தான் என்கிறது, பாதிக்கு மேல் காலி. ஆனாலும் ஒரு புதிய கோப்பு உருவாக்க முடியவில்லை, அதே 28ஆம் எண் பிழை. ‘டிஎஃப் -ஐ’ என்று கேட்டுப் பாருங்கள். இது பைட் கணக்கு அல்ல, ஐநோடு கணக்கு. பந்தியில் சோறு மீந்திருக்கிறது, இலை தீர்ந்துவிட்டது. எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஐநோடுகளின் எண்ணிக்கை பார்ட்டிஷனை உருவாக்கும்போதே முடிவாகிவிடும்; இயல்பாக 16 கேபிக்கு ஒன்று. 100 ஜிபி என்றால் சுமார் 65 லட்சம். சாதாரணப் பயன்பாட்டில் தீரவே தீராது. ஆனால் போகாத மின்னஞ்சல்களின் வரிசை, இணையதளத்தின் செஷன் கோப்புகள், கேஷ் கோப்புகள் என்று அரைக் கேபி, ஒரு கேபி அளவில் லட்சக்கணக்கில் குவியும் சர்வர்களில் தீரும். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறை ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும் என்பதால் அங்கே இந்தத் தொல்லை அரிது.

எந்த ஃபோல்டரில் குவிந்திருக்கிறது என்று அறிய, டியுவோடு ‘--ஐநோட்ஸ்’ சேர்த்தால் பைட்டுக்குப் பதில் எண்ணிக்கை வரும். அங்கே போய் ‘ஆர்எம்’ போட்டு நட்சத்திரக் குறி வைத்தால் ‘ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்’ என்று மறுக்கும். நட்சத்திரத்தை ஷெல் லட்சக்கணக்கான பெயர்களாக விரித்து ஒரே கட்டளையில் திணிக்கப் பார்ப்பதால் வருவது இது. ‘ஃபைண்ட்’ கட்டளையோடு ‘-டிலீட்’ கொடுத்தால் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போகும். ஆனால் முதலில் ‘-டிலீட்’ இல்லாமல் ஓட்டி, என்னென்ன பெயர்கள் வருகின்றன என்று பார்த்துவிடுங்கள். இங்கே குப்பைத் தொட்டி கிடையாது.

சில சமயம் டிஎஃப் காட்டும் எண்களே கூட்டினால் சரியாக வராது. போனதையும் மிச்சத்தையும் கூட்டினால் மொத்தத்தைவிடக் குறையும். எக்ஸ்ட்4 தன் இடத்தில் 5% ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கிவைப்பதுதான் காரணம். மற்றவர்களுக்கு டிஸ்க் நிரம்பிய பிறகும் ரூட்டால் கொஞ்சம் எழுத முடியும். அதனால்தான் நாம் உள்ளே போய்ச் சரிசெய்யவே முடிகிறது. இது பழைய வழக்கம். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸின் வேகக் கோப்பு முறை இப்படி 10% ஒதுக்கியது. டிஸ்க் முழுக்க நிரம்பினால் கோப்புகள் துண்டுதுண்டாகச் சிதறி வேகம் விழும் என்பது அன்றைய முதன்மைக் காரணம். இன்று 1 டிபி டிஸ்க்கில் 5% என்றால் 50 ஜிபி. படம், பாட்டு மட்டும் வைக்கும் டிஸ்க்கில் இது வீண்தான். ‘ட்யூன்2எஃப்எஸ் -எம் 1’ என்று கொடுத்து 1% ஆக்கலாம். இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனில் மட்டும் கை வைக்காதீர்கள்.

டியுவுக்குத் தெரியாத இன்னொரு மறைவிடமும் உண்டு. இரவில் வெளி டிஸ்க்குக்கு பேக்கப் எடுக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். ஒரு நாள் அந்த டிஸ்க் செருகப்படவில்லை. பேக்கப் நிரலுக்கு அது தெரியாது. அந்த டிஸ்க் வந்து பொருந்தும் காலி ஃபோல்டருக்குள், அதாவது கணினியின் சொந்த டிஸ்க்கிலேயே, எல்லாவற்றையும் எழுதிவிடுகிறது. மறுநாள் வெளி டிஸ்க்கைச் செருகியதும் அது அந்த ஃபோல்டரின் மேல் வந்து மூடிக்கொள்கிறது. கீழே கிடப்பது யார் கண்ணுக்கும் படாது. வெளி டிஸ்க்கை விடுவித்து, அதே ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, டிஸ்க்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. பைட்டும் இருக்கிறது, ஐநோடும் இருக்கிறது, கோப்பும் தாராளமாக உருவாகிறது. ஆனால் உங்கள் கோடு எடிட்டரோ, கோப்பு ஒத்திசைக்கும் செயலியோ மட்டும் இடமில்லை என்கிறது. கோப்புகளில் மாற்றம் நடந்தால் சொல்லும்படி நிரல்கள் கர்னலிடம் கேட்டுக்கொள்ள ‘ஐநோட்டிஃபை’ என்ற வசதி இருக்கிறது. ஒரு பயனர் இத்தனை கோப்பு, ஃபோல்டர்களைத்தான் கண்காணிக்கச் சொல்லலாம் என்று அதற்கு வரம்பு உண்டு. பழைய கர்னல்களில் இயல்பான வரம்பு 8192. ஆயிரக்கணக்கான ஃபோல்டர்கள் கொண்ட புராஜெக்ட்டைத் திறந்தால் அது சட்டென்று தீரும். தீர்ந்ததும் கர்னல் திருப்பித் தருவது, இதற்கென்று தனிப் பிழை எண் இல்லாததால், அதே 28. 2021இல் வந்த 5.11 கர்னல் முதல் இந்த வரம்பு கணினியின் நினைவகத்துக்கேற்பத் தானாக உயர்கிறது. பழைய கர்னலில் இருப்பவர்கள் ‘சிஸ்சிடிஎல்’ கட்டளையால் ‘மேக்ஸ் யூசர் வாட்சஸ்’ என்ற மதிப்பை 524288 ஆக உயர்த்தினால் போதும். ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க வேண்டுமானால் அந்த வரியை ‘இடிசி’ ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்சிடிஎல் அமைப்புக் கோப்பிலும் எழுதிவிடுங்கள்.