செவித்திறன் குறையுடையோருக்கான தகவல் தொடர்புக் கருவிகள்: தேர்வும் பயன்பாடும்

செவித்திறன் குறைபாடு பிறர் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. மருத்துவர் கூறியது முழுமையாகக் கேளாத நிலையிலும் பலர் தலையசைத்துவிட்டு வெளியேறுகின்றனர். மாத்திரை ஒன்றா இரண்டா, உணவுக்கு முன்னரா பின்னரா என்பது அதன்பின் ஊகமாகிவிடுகிறது. இந்நிலையைத் தவிர்க்க உதவும் கருவிகள் பல உள்ளன. எனினும் ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் களமருதூர் போன்ற சிற்றூர்களிலும் கல்வராயன் மலையிலும் வாழ்வோர் தங்களுக்கு ஏற்ற வழியைத் தேர்ந்துகொள்ள இவ்விளக்கம் உதவும்.

முதலில் பரிசோதனை

கருவி வாங்குமுன் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுகுங்கள். காதில் அழுக்கு அடைத்திருப்பதாலோ சீழ் வடிவதாலோ ஏற்படும் குறைபாட்டைப் பெரும்பாலும் சிகிச்சையால் சரிசெய்யலாம். திடீரெனக் காது கேளாமற்போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாள்கள் கடந்தால் செவித்திறனை மீட்கும் வாய்ப்பு குறையும்.

கேட்கும் திறன் டெசிபல் அளவில் கணக்கிடப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படி, இரு காதுகளிலும் பேச்சொலி அலைவரிசையில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புடையோர் கேட்கும் திறன் குறைந்தோர். 70 டெசிபல் இழப்புடையோர் காது கேளாதோர்.

பச்சிளங்குழந்தைகளுக்குக் காலம் மிக முக்கியம். பிறந்த 1 மாதத்துக்குள் முதற்கட்டப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்குதல் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வரம்பாகும். “அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்” என்று காத்திருக்க வேண்டாம்.

காதொலிக்கருவி

இக்கருவி ஒலியைப் பெருக்கித் தரும். ஆனால் இழந்த செவித்திறனை மீட்டுத் தராது. பேச்சுடன் சேர்ந்து சுற்றுப்புற இரைச்சலும் கேட்கும் என்பதால் முதல் சில வாரங்கள் சிரமமாக இருக்கும். இக்காலத்திலேயே பலர் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். அமைதியான அறையில் ஒருவருடன் உரையாடிப் பழகி, அணியும் நேரத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக நீட்டியுங்கள். அதன் பின்னரும் துன்பம் நீடித்தால், கருவியின் ஒலியளவை மாற்றியமைக்க ஆடியாலஜிஸ்டிடம் செல்லுங்கள்.

• சீழ்க்கை ஒலி எழுந்தால், காதச்சு தளர்ந்திருக்கலாம் அல்லது காதில் அழுக்கு சேர்ந்திருக்கலாம்.
• குளிக்கும்போதும் உறங்கும்போதும் கழற்றிவிடுங்கள். வியர்வையும் மலைப்பகுதியின் ஈரப்பதமும் கருவியைப் பழுதாக்கும். இரவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள்.
• பொத்தான் பேட்டரியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் உடனடியாக மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

காக்ளியர் இம்ப்ளாண்ட்

காதொலிக்கருவியால் பயன்பெறாத கடுமையான குறைபாட்டுக்கு இவ்வறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. வெளியே அணியும் கருவி ஒலியை மின்குறிப்புகளாக மாற்ற, உட்காதில் பொருத்தப்பட்ட மின்முனைகள் அவற்றைச் செவி நரம்புக்கு அனுப்புகின்றன. தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது.

அறுவைச் சிகிச்சை முடிந்த அன்றே குழந்தை பேசிவிடாது. கேட்கும் ஒலிக்குப் பொருள் உண்டு என்பதை அது கற்க வேண்டும். அதற்குத் தொடர்ச்சியான கேட்டல், பேச்சுப் பயிற்சி தேவை. மையத்தில் கற்றதை வீட்டிலும் நாள்தோறும் தொடர வேண்டும். இக்கருவி பொருத்தியவருக்கு எம்.ஆர்.ஐ. பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டால், கருவி இருப்பதை முன்கூட்டியே தெரிவியுங்கள்.

பேச்சை எழுத்தாக்கும் செயலிகள்

படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கைப்பேசியே நல்ல துணையாகும். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் போன்ற செயலிகள் எதிரே பேசுபவரின் தமிழை உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டும். பேசுபவரின் அருகில் கைப்பேசியை வைத்து, ஒருவர் பின் ஒருவராகப் பேசச் செய்யுங்கள். மருந்தின் பெயரையும் எண்களையும் செயலி தவறாக எழுதக்கூடும். அவற்றை மருத்துவச் சீட்டுடன் ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். மலையூர்களில் இணையத் தொடர்பு துண்டிக்கப்படலாம் என்பதால், ஒரு குறிப்பேடும் பேனாவும் எப்போதும் உடனிருக்கட்டும்.

சைகை மொழி

சைகை மொழி இலக்கணமுடைய முழுமையான மொழி. புது தில்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. சைகை கற்ற குழந்தை பேசாது என்று அஞ்ச வேண்டியதில்லை. கருவி கிடைக்கும் வரையிலும் அதன் பின்னரும் குழந்தைக்கு ஏதேனும் ஒரு மொழி தடையின்றிக் கிடைக்க வேண்டும். பள்ளி செல்லாத முதியவர்கள் வீட்டுச் சைகைகளை மட்டுமே அறிந்திருக்கலாம்; அவற்றை நன்கறிந்த உறவினரை மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசிக் காணொளி அழைப்பு வழியாகவும் சைகையில் உரையாடலாம்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

• முகத்தைப் பார்த்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி நின்று, இயல்பான வேகத்தில் பேசுங்கள். கத்திப் பேசினால் உதட்டசைவு சிதையும்.
• உதட்டசைவை மட்டும் நம்ப வேண்டாம். “படம்”, “மடம்” ஆகிய இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும்.
• புரியாவிடில் அதே சொல்லை மீண்டும் கூறாமல் வேறு சொற்களால் கூறுங்கள்.
• “புரிந்ததா?” என்று கேட்பதைவிட, “எந்த மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும்?” என்று அவரையே கூறவோ காட்டவோ செய்யுங்கள்.
• மருத்துவர் உங்களிடம் அன்றி நோயாளியிடமே பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு ஒப்புதல் அளிப்பது அவரது உரிமை.

எங்கு அணுகுவது?

பரிசோதனைக்குச் சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். தொலைவில் உள்ளோர் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிந்துரை பெறலாம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகப் பணிகளையும் இம்மாவட்டத்திலேயே முடித்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை, காதொலிக்கருவி, செவித்திறன் குறையுடையோருக்கான திறன்பேசி ஆகியவற்றுக்கான தகுதியையும் விண்ணப்ப முறையையும் அங்குக் கேட்டறியுங்கள். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, புகைப்படம், செவித்திறன் பரிசோதனை அறிக்கை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைப் பராமரிப்பாளர் அழைக்கலாம்.

கருவி கைக்கு வந்தபின் மறுபரிசோதனைக்கான நாளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.