நின்றே செய்யும் தொழில்

பண்டிகை வந்தாலும் திருமணம் வந்தாலும் துணி எடுக்க ஜவுளிக்கடைக்குச் செல்வது நம் நாட்டு வழக்கம். விற்பனை மேசையின் முன்னே அமர்ந்து பார்ப்பவர்க்கு அக்கடை ஒரு கண்காட்சி போலத் தோன்றும். பின்னே நிற்பவர்க்கோ அது ஒரு தொழிற்கூடம். சென்னைத் தியாகராய நகரில், பல தளங்கள் கொண்ட பெரிய கடையொன்றின் பட்டுப் பிரிவில் 11 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். அத்தொழில் எவ்வாறு நடைபெறுகிறது, அதில் உள்ள திறன் யாது, துன்பம் யாது என்பவற்றை நேயர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறேன்.

கதவு திறப்பதற்கு முன்பே எங்கள் பணி தொடங்கிவிடும். முதல் நாள் இரவு பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து, விலைவாரியாகவும் நிறவாரியாகவும் அடுக்க வேண்டும். பட்டுப்புடவையை நெடுநாள் ஒரே மடிப்பில் வைத்தல் ஆகாது; மடிந்த இடத்தில் சரிகை இற்றுப்போகும். ஆகவே மடிப்பை அவ்வப்போது மாற்றி வைப்போம். உடல், கரை, முந்தி ஆகிய மூன்றும் ஒரே பார்வையில் தெரியும்படி மடிக்கப் பழகுவதற்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் ஆகும்.

ஒரு புடவை விற்பனையாகி வெளியே செல்வதற்குள் பலர் கைகளைக் கடக்கிறது. எடுத்துக் காட்டுபவர் ஒருவர். ரசீது எழுதுபவர் மற்றொருவர். பணம் பெறுபவர் வேறொருவர். ரசீதையும் பொருளையும் ஒப்பிட்டுப் பையில் இட்டுக் கொடுப்பவர் இன்னொருவர். இவ்வளவு பேர் எதற்கு என்று வாங்குவோர் சலித்துக்கொள்வதுண்டு. பொருளைக் கையாள்பவர் பணத்தைக் கையாளலாகாது, பணத்தைக் கையாள்பவர் பொருளைக் கையாளலாகாது என்பதே இதன் அடிப்படை. ஒருவர் கணக்கை மற்றொருவர் கணக்கு சரிபார்க்கும். முதலாளி ஒருவரே கல்லாவில் அமர்ந்து அனைத்தையும் கண்காணித்த சிறு கடைக்கும் இத்தகைய பெருங்கடைக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே ஆகும்.

இனி, விற்பவரின் திறனைப் பற்றிச் சொல்லுகிறேன். வாங்க வருபவர் தம் கையிலுள்ள தொகையை வெளிப்படையாகச் சொல்லுவதில்லை. “நல்லதாகக் காட்டுங்கள்” என்று மட்டுமே சொல்லுவார். நாங்கள் முதலில் மூன்று விலைகளில் மூன்று புடவைகளை விரிப்போம். எதன் முந்தியில் அவர் கை சற்றுத் தங்குகிறதோ, அதனைக் கொண்டு அவர் எண்ணிவந்த விலையை ஒருவாறு உணர்ந்துகொள்வோம். திருமணப் புடவைக்கு ஒரு குடும்பமே வந்து அமரும். பேசுபவர் பலராக இருப்பர். முடிவு செய்பவர் பெரும்பாலும் பேசாமல் ஓரத்தில் அமர்ந்திருக்கும் மூதாட்டியாக இருப்பார். அவரைக் கண்டறிந்து புடவையை அவர் மடியில் வைப்பவனே தேர்ந்த விற்பனையாளன்.

பொருளறிவும் வேண்டும். பட்டிழையைக் கொளுத்தினால் மயிர் கருகும் நாற்றம் எழும். சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். செயற்கை இழையோ உருகிக் கட்டியாகிவிடும். அசல் சரிகையில் வெள்ளி இருக்கும். போலிச் சரிகையில் செம்பு இருக்கும். இவற்றையெல்லாம் எந்தப் பள்ளியும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. மூத்த அண்ணாச்சிமார் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவையே.

ஊதியம் என்பது மாதச் சம்பளமும் விற்பனைக்கேற்ற ஊக்கத்தொகையும் சேர்ந்தது. கூட்டம் மிகுந்த தீபாவளிக் காலத்தில் ஊக்கத்தொகை உயரும். ஆடியில் நம்மவர் திருமணம் செய்வதில்லை. ஆதலால் தள்ளுபடி அறிவித்துத் தேங்கிய சரக்கை விற்றுத் தீர்த்து, தீபாவளிச் சரக்குக்கு இடம் செய்வர். அப்பொழுது உழைப்பு பெருகும். ஒரு புடவையின் விலை குறைவாதலால் ஊக்கத்தொகை அதற்கேற்பப் பெருகுவதில்லை. ஊக்கத்தொகையில் மற்றொரு தீங்கும் உண்டு. ஒரே அறையில் உறங்கி, ஒரே பந்தியில் உண்ணும் இருவர், வாங்குபவர் ஒருவர் படியேறி வந்ததும் போட்டியாளராகிவிடுகின்றனர்.

எல்லாவற்றினும் பெரிய துன்பம் நிற்பது. நடப்பதைக் காட்டிலும் அசையாது நிற்பது ஏன் கடினம் என்று சிலர் வினவலாம். காலிலுள்ள இரத்தம் சிரைகள் வழியே மேல்நோக்கி இதயத்துக்குத் திரும்ப வேண்டும். நடக்கும்போது கெண்டைக்காற் சதை சுருங்கி விரிந்து அதனை மேலே தள்ளுகிறது. கீழே இறங்காதவாறு சிரைகளுக்குள் உள்ள சிறு தடுக்கிதழ்கள் காக்கின்றன. அசையாது நின்றால் அச்சதையின் உதவி குறைகிறது. இரத்தம் காலிலேயே தேங்குகிறது. மாலையில் பாதம் வீங்கும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பலருக்குச் சிரைகள் முறுக்கிப் புடைத்துத் தோன்றும். நான் பணியாற்றிய கடையில், வாங்குவோர் ஒருவரும் இல்லாத பிற்பகலிலும் நாங்கள் உட்காரலாகாது. சுவரில் சாய்ந்தாலும் மேற்பார்வையாளர் பெயரைக் குறித்துக்கொள்வார். உட்கார்ந்திருப்பவன் சோம்பேறி என வாங்குவோர் எண்ணுவர் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இத்துன்பம் உலகிற்குப் புதியதன்று. இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே, கடைகளில் பணிபுரியும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையேனும் வைத்தல் வேண்டும் என்று சட்டம் இயற்றினர். நம் மாநிலத்தின் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றும், 4 மணி நேரத்துக்குப் பின் 1 மணி நேர ஓய்வு என்றும் விதித்தது. ஆயினும் இருக்கையைப் பற்றிய விதி அதில் நெடுங்காலம் இல்லை. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் பணிபுரிந்த பெண்கள், பி. விஜி என்னும் தையற்கலைஞரின் முயற்சியில் ஒன்றுகூடிப் போராடினர்; அதன் பயனாக 2018ஆம் ஆண்டில் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. பணியாளர் அனைவருக்கும் தக்க இருக்கை அமைத்தல் வேண்டும். வேலையின் இடையே வாய்ப்பு நேரும்போது அவர்கள் அமரலாம் என்று அது கூறுகிறது. அதற்கு முன்பே, 2010ஆம் ஆண்டில் வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படம் இத்தொழிலாளரின் வாழ்வைப் பொதுமக்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது.

சட்டம் இருக்கையை அளிக்கலாம். அதில் அமரும் துணிவை அளிக்க அதனால் இயலாது. மூன்றாம் தளத்தின் மூலையில் நாற்காலி கிடக்கும். அமர்ந்தால் அடுத்த மாதம் வேலை இருக்குமோ என்ற ஐயமும் கூடவே கிடக்கும். தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்து, கடை தரும் விடுதியில் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பும் இளைஞர்க்கு அவ்வையம் எளிதில் நீங்குவதன்று. முதலாளிமார் உண்மையில் அஞ்சுவது வாங்குவோரின் முகச்சுளிப்பை. ஆகையால் இதில் நேயர்களுக்கும் பங்குண்டு.

அடுத்த முறை துணி எடுக்கச் செல்லும்போது, விற்பனைப் பெண் அமர்ந்தபடியே உங்களை வரவேற்றால் அதனை மரியாதைக் குறைவென எண்ணாதீர்கள். அவர் நின்றுகொண்டே இருந்தால், “உட்கார்ந்து காட்டம்மா, எங்களுக்கு அவசரமில்லை” என்று மேற்பார்வையாளர் காதில் விழும்படி சொல்லுங்கள். புடவையின் தரம் அதனால் குறையாது, விலையும் ஏறாது. நாள் முழுதும் நின்ற ஒருவருக்குச் சில நிமிட ஓய்வு கிடைக்கும்.