பதுங்கலுக்கும் பாய்ச்சலுக்கும் இடம் தரும் வகுப்பறை

கீரனூரில் நான் பாடம் நடத்தும் ஏழாம் வகுப்பில், விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளின் பேச்சு பெரும்பாலும் கைப்பேசி விளையாட்டுகளைப் பற்றியதுதான். அவற்றில் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகள் உண்டு. எதிரியின் கண்ணில் படாமல் நுழைந்து திரும்பும் பதுங்கல் விளையாட்டுகளும் உண்டு. 1987இல் ஜப்பானில் வெளியான 'மெட்டல் கியர்' இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அதன் நாயகன் ஆயுதமின்றி எதிரியின் கோட்டைக்குள் நுழைகிறான்; காவலர் பார்வையைத் தவிர்ப்பதே அவனுடைய பலம்.

பின்னர் வந்த பல விளையாட்டுகள் இரு வழிகளையும் திறந்து வைத்தன. பாய்ந்து வெல்வது எளிதென்றால் யார் பதுங்குவார்கள்? எனவே வடிவமைப்பாளர்கள் ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை வைத்தார்கள். பதுங்குபவர் பொறுமையையும் நேரத்தையும் தர வேண்டும். பாய்பவர் எழுப்பும் சத்தத்துக்குக் காவலர்கள் திரண்டு வருவார்கள். 2012இல் வெளியான 'டிஸ்ஹானர்ட்' விளையாட்டில் கொலைகள் பெருகினால் நகரில் எலிகளும் பெருகும். கதையின் முடிவே மாறிவிடும். இது வயது வந்தோருக்கான விளையாட்டு. நமக்கு வேண்டியது அதிலுள்ள உத்தி மட்டுமே.

அந்த உத்தி நம் ஆடுபுலி ஆட்டத்திலேயே இருக்கிறது. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், இருபத்து மூன்று புள்ளிகள். புலி தாவி ஆட்டை வெட்டும். ஆட்டால் வெட்ட முடியாது. ஆனால் ஒன்றையொன்று காத்து நெருங்கி, புலிகள் நகர முடியாதபடி மறித்துவிட்டால் வெற்றி ஆடுகளுக்கே. வேகம் ஒரு பக்கம், எண்ணிக்கையும் பொறுமையும் மறுபக்கம்.

வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து ஆட விடுகிறேன். ஓர் ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாற வேண்டும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் சிலர் ஆடுகளை நகர்த்தும்போது நான்கு நகர்வு முன்னதாகவே யோசிப்பதைப் பார்க்கிறேன்.

நம் கேள்வி நேரமோ பெரும்பாலும் புலிகளுக்கே சாதகமானது. முதலில் கை தூக்கியவர் சொன்னதும் கேள்வி முடிந்துவிடுகிறது. மெதுவாக யோசிப்பவர் 'மந்தம்' என்ற பெயரோடு வளர்கிறார்.

இதைச் சமன்செய்ய இரண்டு விதிகள் போதும். கேள்வி கேட்டபின் ஒரு நிமிடம் எல்லோரும் விடையைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதுவரை யாரும் கை தூக்கக் கூடாது. பிறகு விடை சொல்ல முன்வருபவர், அந்த விடை எப்படி வந்தது என்பதையும் விளக்க வேண்டும். எழுதிய விடைக்கும் சொன்ன விடைக்கும் மதிப்பு ஒன்றே.

வேகமான பிள்ளையை இது தடுப்பதில்லை. காரணத்தையும் யோசிக்க வைக்கிறது. அமைதியான பிள்ளைக்கோ தன் விடையையும் ஆசிரியர் பார்க்கிறார் என்ற நம்பிக்கை பிறக்கிறது. அடுத்த பாடவேளையில் ஒரே ஒரு கேள்விக்கு இதைச் செய்து பாருங்கள். குறிப்பேடுகளைப் பார்த்தபடி வகுப்பைச் சுற்றி வரும்போது, இதுவரை நம் காதுக்கு எட்டாத விடைகள் கண்ணில் படும்.